மடிக்கணினியோடு ஒரு பென் டிரைவும் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மன்னார்குடியில் பேருந்து நிலையம் பக்கம் 14 வருடமாக ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து தரும் சின்னக் கடை நடத்துகிறேன். கல்லூரி மாணவர்களுக்கு அரசு மடிக்கணினி தரும் செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன், மனதுக்கு நிறைவாக இருந்தது. ராம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம், என்னென்ன மென்பொருள் போட்டுத் தருகிறார்கள் என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தீர்கள். ஆனால் அந்த லேப்டாப் ஒரு நாள் காலையில் திறக்காமல் போனால் அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. விற்கிறவர்களும் சொல்வதில்லை, கொடுக்கிறவர்களும் சொல்வதில்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இடம் இருந்தால் முழுசாகப் போடுங்கள்.

போன பங்குனியில் ஒரு வியாழக்கிழமை. என் அக்கா மகள் நீடாமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து, லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். இன்ஜினியரிங் கடைசி வருடம், திங்கள்கிழமை புராஜெக்ட் ரிவியூ. முந்தின நாள் ராத்திரி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது சார்ஜ் தீர்ந்து அணைந்திருக்கிறது. காலையில் திறந்தால் நீலத் திரை. காலையிலேயே தஞ்சாவூரில் ஒரு கடைக்குக் கொண்டுபோயிருக்கிறாள். "ஓஎஸ் போச்சும்மா, அழிச்சுட்டு புதுசா போடணும், 2,800 ரூபா ஆகும், உள்ளே இருக்கிறது எதுவும் கிடைக்காது" என்று சொல்லியிருக்கிறார்கள். ஓஎஸ் என்று அவர்கள் சொன்னது விண்டோஸைத்தான். மூன்று மாத வேலை அதற்குள் இருக்கிறது. வேறெங்கும் நகல் இல்லை. "சித்தி, நீங்க எப்படியாவது எடுத்துக் குடுத்துடுங்க" என்றவள் அப்புறம் பேசவே இல்லை, ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

அந்த நீலத் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று நிதானமாகப் படித்தேன். கணினியைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது, அதற்கு நிறுவல் வட்டிலோ யுஎஸ்பியிலோ இருக்கும் ரெக்கவரி கருவிகள் வேண்டும், அது கையில் இல்லை என்றால் கணினி தயாரித்தவரைத் தொடர்புகொள்ளுங்கள், இவ்வளவுதான். வட்டு செத்துவிட்டது என்றோ கோப்புகள் போய்விட்டன என்றோ அதில் இல்லை. ஓடத் தொடங்குவதற்கான வழி மட்டும் உடைந்திருக்கிறது, வெளியிலிருந்து ஒரு பென் டிரைவ் வழியாக உள்ளே போனால் சரிசெய்யலாம் என்று அர்த்தம். அந்தப் பென் டிரைவைத்தான் ரெக்கவரி டிரைவ் என்கிறார்கள். விண்டோஸ் உள்ள எந்த லேப்டாப்பிலும், தேடும் இடத்தில் ரெக்கவரி டிரைவ் என்று ஆங்கிலத்தில் தட்டினால் அதைச் செய்து தரும் கருவி வந்து நிற்கும். ஆனால் லேப்டாப் ஓடும்போதுதான் அதைச் செய்ய முடியும். ஓடாமல் போன பிறகு அடுத்தவர் கணினியைத்தான் தேட வேண்டும்.

சரி, கடையில் மூன்று கணினி இருக்கிறதே, ஒன்றில் செய்துவிடலாம் என்று நம்பிக்கையாகத்தான் ஆரம்பித்தேன். முதல் லேப்டாப்பில் கருவியைத் திறந்து, கணினிக் கோப்புகளையும் சேர்த்து எடு என்ற கட்டத்தில் டிக் போட்டு அடுத்ததை அழுத்தினேன். இரண்டு நிமிடம் சுற்றிவிட்டு, இந்தக் கணினியில் ரெக்கவரி டிரைவ் உருவாக்க முடியாது, தேவையான சில கோப்புகள் இல்லை என்று நின்றுவிட்டது. பென் டிரைவை மாற்றிப் பார்த்தேன், ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன், அதே பதில். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கைவிட்டுவிடுகிறார்கள், பென் டிரைவ் சரியில்லை போல என்று நினைத்துக்கொள்கிறார்கள். பென் டிரைவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

விஷயம் இதுதான். விண்டோஸ் ஒவ்வொரு கணினியிலும் தன்னைத் தானே சரிசெய்துகொள்ள ஒரு குட்டி விண்டோஸை மறைத்து வைத்திருக்கிறது. வட்டில் தனியாக ஒதுக்கிய, நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பகுதியில் அது இருக்கும். ரெக்கவரி டிரைவ் செய்யும் கருவி அதைத்தான் முதலில் தேடும். அது அணைத்து வைக்கப்பட்டிருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ டிரைவ் செய்ய மறுத்துவிடும். எப்படிக் காணாமல் போகும்? என் லேப்டாப்பில் நடந்ததையே சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டைப் போட்டுத் தரச் சொன்னேன். போட்டவர் சி டிரைவை மட்டும் நகல் எடுத்துவிட்டு அந்தச் சின்னப் பகுதியை விட்டுவிட்டார். லேப்டாப் முன்னைவிட வேகமாக ஓடியது, நானும் சந்தோஷமாகக் காசு கொடுத்து வாங்கி வந்தேன். இரண்டு வருடம் கழித்து, ராத்திரி எட்டரை மணிக்கு, பிள்ளை பக்கத்தில் அழுதுகொண்டிருக்கும்போதுதான் எனக்கு அது தெரிந்தது. சி டிரைவில் இடம் போதவில்லை என்று யாராவது அந்தப் பகுதியை அழித்து இதோடு சேர்த்துவிட்டாலும் இதே கதிதான்.

அது இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். தேடும் இடத்தில் சிஎம்டி என்று தட்டி, வருவதை வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். கறுப்பு ஜன்னல் ஒன்று வரும். அதில் ஒரு சொல்லைத் தட்ட வேண்டும், எழுத்துக்கூட்டியே சொல்கிறேன்: ஆர், இ, ஏ, ஜி, இ, என், டி, சி, எல்லாம் சேர்த்து ஒரே சொல். பிறகு ஒரு இடைவெளி, வலப்பக்கம் சாய்ந்த ஒரு கோடு, அதை ஒட்டி இன்ஃபோ என்று நான்கு எழுத்து. என்டரைத் தட்டினால் முதல் வரியிலேயே எனேபிள்டு அல்லது டிஸேபிள்டு என்று சொல்லிவிடும். எனேபிள்டு என்றால் கவலையில்லை. டிஸேபிள்டு என்றால் அதே சொல்லைத் தட்டி, இன்ஃபோவுக்குப் பதில் எனேபிள் என்று கொடுங்கள். சும்மா அணைந்து கிடந்தது என்றால் அதோடு சரியாகிவிடும். எனக்கு அதுவும் நடக்கவில்லை, படிமமே கிடைக்கவில்லை என்று வந்தது. அதாவது அந்தக் குட்டி விண்டோஸ் அடங்கிய வின்ஆர்இ டாட் விம் என்ற கோப்பே என் லேப்டாப்பில் இல்லை.

அதற்கும் வழி உண்டு, அன்று ராத்திரி எனக்கு நேரமில்லாததால் அடுத்த வாரம்தான் செய்தேன். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நம் லேப்டாப்பில் உள்ள அதே பதிப்பு விண்டோஸின் நிறுவல் கோப்புகள் எல்லாம் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இலவசமாக இறக்கலாம். அதைத் திறந்தால் சோர்ஸஸ் என்ற உறைக்குள், அதாவது ஃபோல்டருக்குள், இன்ஸ்டால் என்று பெயர் தொடங்கும் பெரிய கோப்பு ஒன்று இருக்கும். செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருளால் அதைத் திறந்து, விண்டோஸ், சிஸ்டம்32, ரெக்கவரி என்று உள்ளே உள்ளே போனால் இந்தக் கோப்பு கிடைக்கும். அதை நம் லேப்டாப்பிலும் அதே இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு எனேபிள் கட்டளையைத் திரும்பக் கொடுத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். 32 பிட்டா 64 பிட்டா என்பதும் பதிப்பும் பொருந்த வேண்டும், அது முக்கியம். இதைச் செய்யக் கை நடுங்கினால் தெரிந்த பிள்ளை யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், ஆனால் செய்துவிடுங்கள்.

அன்று இரண்டாவது கணினிக்குப் போனேன். அதில் எனேபிள்டு என்று வந்தது, மூச்சு வந்தது. 64 ஜிபி என்று போட்டிருந்த ஒரு பென் டிரைவைச் செருகி ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் ஓடியது. அக்கா மகளுக்கு இட்லி வாங்கி வந்து கொடுத்தேன், அவள் தொடவில்லை. திரும்பிப் பார்த்தால், ரெக்கவரி டிரைவை உருவாக்கும்போது ஒரு பிரச்சினை ஏற்பட்டது என்று நிற்கிறது. என்ன பிரச்சினை என்று அது சொல்லாது, அந்த ஒரு வரிதான். அந்தப் பென் டிரைவ் ஒரு தள்ளுவண்டியில் 150 ரூபாய்க்கு வாங்கியது. சந்தேகம் வந்து, எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது, அதைப் பிற்பாடு போட்டுச் சோதித்தேன். மேலே 64 என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே உண்மையில் 8 ஜிபிகூட முழுசாக இல்லை. நான்கு ஃபைல், ஐந்து பாட்டு வைக்கிறவரைக்கும் இந்தப் போலி டிரைவ் தெரியவே தெரியாது. கணினிக்கு 64 என்று பொய் சொல்லும், நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் எங்கேயோ தொலையும். சில சமயம் வெற்றிகரமாக முடிந்தது என்றுகூடக் காட்டிவிடும், தேவைப்படும் நாளில்தான் திறக்காது. அதனால் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் பில் போட்டுத் தரும் கடையில் நல்ல கம்பெனி பென் டிரைவ் வாங்குங்கள். 16 ஜிபி குறைந்தபட்சம் வேண்டும், 32 ஜிபி என்றால் நிம்மதி. அதற்கு மேல் பெரிதாகப் போட்டுப் பயனில்லை, அந்தக் கருவி ஃபேட்32 என்ற பழைய முறையில்தான் அதைத் தயார்செய்யும், 32 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது.

மூன்றாவது முயற்சிக்கு வீட்டில் சாமி பாட்டு போட்டு வைத்திருந்த பென் டிரைவை எடுத்து வரச் சொன்னேன். பாட்டையெல்லாம் முதலில் கணினியில் நகல் எடுத்தேன், ஏனென்றால் ரெக்கவரி டிரைவ் செய்யும்போது அதில் இருப்பது அத்தனையும் அழிந்துவிடும். இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் இதைச் செய்ய உட்கார்ந்தபோது பென் டிரைவோடு சேர்த்து வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றும் செருகியே இருந்திருக்கிறது. பட்டியலில் இரண்டு டிரைவின் எழுத்தும் வந்திருக்கிறது, தவறானதைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அந்த டிஸ்க்கில்தான் அவர் மகள் கல்யாணப் படங்களும் வீடியோவும் இருந்தன. எல்லாம் அழியும் என்ற எச்சரிக்கை வரத்தான் செய்தது, பென் டிரைவைத்தானே சொல்கிறது என்று அழுத்திவிட்டார். தயவுசெய்து செய்ய உட்காரும் முன், வேண்டிய அந்த ஒரு பென் டிரைவைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், போன் சார்ஜ் கேபிள் உட்பட. யூடியூப் பார்த்து டிஸ்க்பார்ட் என்ற கட்டளையால் பென் டிரைவைச் சுத்தம் செய்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் எண்ணை ஒன்று மாற்றிக் கொடுத்தால் லேப்டாப்பின் வட்டே காலி, சரிதானா என்று திரும்பக் கேட்காது.

மூன்றாவது முறை சார்ஜரைப் போட்டு, தூங்கும் நேரத்தை நெவர் என்று மாற்றி, ஹப் எதுவும் வைக்காமல் நேராக லேப்டாப்பின் யுஎஸ்பியிலேயே செருகி, ஆன்ட்டிவைரஸையும் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு ஆரம்பித்தேன். கோப்புகளை எடுத்துக்கொண்டிருக்கிறது என்ற இடத்தில் பச்சைக்கோடு நகராமல் அப்படியே நிற்கும், அரை மணி நேரம்கூட நிற்கும். தொங்கிவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். ஒரு மணி நேரம், பழைய லேப்டாப் என்றால் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். எனக்கு முடியும்போது ராத்திரி 1.20.

அந்த டிரைவை அவள் லேப்டாப்பில் செருகி, ஆன் செய்ததும் எஃப்12 விசையைத் தட்டித் தட்டி, யுஎஸ்பியைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனோம். கம்பெனிக்குக் கம்பெனி இந்த விசை மாறும். டெல்லிலும் லெனோவோவிலும் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப், ஏசரில் எஃப்12-ஐ முதலில் பயோஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் இயக்கிவிட வேண்டியிருக்கலாம். விசைப்பலகை எந்த மொழி என்று கேட்டது, அப்புறம் டிரபிள்ஷூட் என்ற பக்கம் வந்தது. அங்கே டிரைவிலிருந்து மீட்டெடு என்றும் ஒன்று இருக்கும். அதை அவசரப்பட்டு அழுத்தவே கூடாது, அது விண்டோஸைப் புதிதாகப் போட்டு நம் கோப்புகளை எல்லாம் அழித்துவிடும். ரெக்கவரி என்ற பெயரைப் பார்த்து, நம் படங்களையும் பாடங்களையும் மீட்டுத் தரும் என்று நினைக்கிறார்கள் பாருங்கள், அது தப்பு. அது மீட்பது விண்டோஸை மட்டும்தான். நம் கோப்புக்கு நாம்தான் தனியாக நகல் வைக்க வேண்டும்.

நாங்கள் அங்கே கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற அதே கறுப்பு ஜன்னலைத் திறந்து நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டினோம். நோட்பேட் திறந்தது. அதில் ஃபைல், ஓப்பன் போய், எல்லாக் கோப்புகளையும் காட்டு என்று மாற்றினால் லேப்டாப்பின் உள்ளே இருக்கும் உறைகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். டிரைவ் எழுத்துகள் மட்டும் மாறியிருக்கலாம், டி என்று காட்டுவதில்கூட நம் சி இருக்கலாம், பதற வேண்டாம். அவள் புராஜெக்ட் உறை அப்படியே இருந்தது. வலது கிளிக் செய்து காப்பி, இன்னொரு பென் டிரைவில் பேஸ்ட். 2,800 ரூபாய் கொடுத்தாலும் கிடைக்காது என்று சொன்ன அத்தனையும் பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்தது. அதற்கப்புறம்தான், விண்டோஸ் திறக்கும் வழியைத் தானே சரிசெய்யும் ஸ்டார்ட்அப் ரிப்பேரை அழுத்தினேன். முதல் தடவை முடியவில்லை என்றது, இரண்டாவது தடவை ஏற்றுக்கொண்டது, லேப்டாப் பழையபடி திறந்தது. ஓஎஸ் போடவே இல்லை. ஆறிப்போன இட்லியை அந்தப் பிள்ளை அப்போதுதான் சாப்பிட்டாள்.

எல்லோருக்கும் இப்படி நல்லபடியாக முடியும் என்று சொல்ல மாட்டேன். அவளுடையது பழைய லேப்டாப், வட்டு பூட்டப்படவில்லை. இப்போது வரும் விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழைந்ததுமே வட்டு தானாகப் பூட்டிக்கொள்கிறது. திருடு போனால் நம் தகவல் யாருக்கும் கிடைக்காது, நல்லதுதான். ஆனால் வெளியிலிருந்து பென் டிரைவ் வழியாக உள்ளே போனால் 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்கும். அதைக் கொடுக்காவிட்டால் சொந்தக்காரருக்கும் ஒரு கோப்புகூடக் கிடைக்காது. அந்த எண் நம் மைக்ரோசாஃப்ட் கணக்கில், சாதனங்கள் என்ற பகுதியில் இருக்கும். கணக்கின் கடவுச்சொல்லே ஞாபகம் இல்லாதவர்கள்தான் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், பல பேருக்குக் கணக்கைப் போட்டுக் கொடுத்ததே விற்ற கடைக்காரர். இன்றைக்கே பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். லேப்டாப் பைக்குள்ளேயே வைக்காதீர்கள்.

வாங்கும்போதே இதைக் கொடுத்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு காலத்தில் கொடுத்தார்கள். லேப்டாப் பெட்டிக்குள் விண்டோஸ் நிறுவல் வட்டு வரும், அடியில் விண்டோஸின் உரிமச் சாவி எண் ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கும், மேலே சொன்ன 48 இலக்க எண் வேறு, இது வேறு. அப்புறம் வட்டை நிறுத்திவிட்டு, லேப்டாப்புக்குள்ளேயே வைத்திருக்கிறோம், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது ஸ்டிக்கரில் இருந்த எண்ணும் போய், அது மதர்போர்டிலேயே பதிந்து வரத் தொடங்கியது. இதில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது, பல பேருக்குத் தெரிவதில்லை. விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்பில் அதே பதிப்பைத் திரும்பப் போடும்போது தனியாகச் சாவி வாங்க வேண்டியதே இல்லை, இணையத்தில் இணைத்ததும் தானே ஏற்றுக்கொள்ளும். ஒரிஜினல் சாவிக்கு என்று பில்லில் தனியாகக் காசு போட்டால், எதற்கு என்று கேளுங்கள்.

ரெக்கவரி டிரைவ் எப்படியுமே வரவில்லை என்றால் வேறு வழிகளும் உண்டு. மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் என்பதை இறக்கி 8 ஜிபி பென் டிரைவில் நிறுவல் யுஎஸ்பி செய்துகொள்ளலாம். அதை வைத்து உள்ளே போனாலும், உன் கணினியைச் சரிசெய் என்ற வழியில் இதே டிரபிள்ஷூட் பக்கம் வரும். எந்தக் கணினியில் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம், நல்ல இணையம் மட்டும் வேண்டும். டெல், எச்பி, லெனோவோ மூன்றும் தங்கள் லேப்டாப்பின் வரிசை எண்ணையோ தயாரிப்பு எண்ணையோ வைத்து அதற்கென்றே உள்ள மீட்பு டிரைவைச் செய்யத் தனிக் கருவிகளை இலவசமாகத் தருகின்றன. அன்று ராத்திரி எனக்கு முதலிலேயே இது உறைத்திருந்தால் நான்கு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

இதெல்லாம் ஒருவருக்கு எப்போதோ வருகிற பிரச்சினை என்று விட முடியவில்லை. 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றதும், நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்ததும் உங்கள் நாளிதழிலேயே வந்திருக்கும். அப்போதும் ஆட்கள் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கணினியாகப் போய்த்தான் அவற்றில் பலவற்றை எழுப்பினார்கள், 48 இலக்கச் சாவி கையில் இல்லாத இடங்களில் இன்னும் தாமதமானது. அதே வருடம் ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு அப்டேட், நான் மேலே சொன்ன அந்தச் சின்ன ரெக்கவரி பகுதியில் 250 எம்பி காலி இடம் இல்லை என்பதற்காகவே ஏராளமான கணினிகளில் ஏறாமல் பிழை காட்டியது. 2025 அக்டோபரில் விண்டோஸ் 11-க்கு வந்த அப்டேட்டுக்குப் பிறகு ரெக்கவரி திரைக்குள் போனால் யுஎஸ்பி மவுஸும் கீபோர்டும் வேலை செய்யவில்லை, சில நாளில் வேறொரு அப்டேட் கொடுத்துச் சரிசெய்தார்கள். அந்த நாட்களில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன வழிகளில் ஒன்று, ஏற்கெனவே செய்து வைத்த யுஎஸ்பி ரெக்கவரி டிரைவ் இருந்தால் அதில் துவக்குங்கள் என்பது. ஏற்கெனவே செய்து வைத்தவர் நம் ஊரில் எத்தனை பேர்?

2011-இல் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் போட்டிருந்தார்கள். ஒன்று படுத்துவிட்டால் மற்றொன்றில் நுழைந்து கோப்பை எடுத்துவிடலாம். பல பிள்ளைகளுக்கு நானே அப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். 2025-26 தமிழக நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தார்கள். வீட்டில் முதன்முதலாகக் கணினி பார்க்கிற பிள்ளைகள் அதில் எத்தனை பேர் இருப்பார்கள்! அது நின்றுபோனால் 2,800 ரூபாய் கொடுக்க எல்லா வீட்டிலும் வழி இருக்காது. கொடுக்க முடிந்தாலும் படித்து எழுதியது திரும்பி வராது.

அதனால் உங்கள் நாளிதழ் வழியாக உயர்கல்வித் துறைக்கும் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். லேப்டாப்போடு ஒரு 32 ஜிபி பென் டிரைவும் கொடுங்கள். மொத்தமாக வாங்கினால் பெரிய செலவு இல்லை. அது முடியாது என்றால், பிள்ளையையே ஒன்று வாங்கி வரச் சொல்லி, கொடுத்த முதல் வாரத்திலேயே கல்லூரிக் கணினி அறையில் ஒரு மதியம் உட்கார வைத்து ரெக்கவரி டிரைவைச் செய்ய வையுங்கள், அந்த 48 இலக்கச் சாவி எண்ணையும் அன்றைக்கே எழுதி வைக்கச் சொல்லுங்கள். கருவி அட்மின் உரிமை கேட்கும், எனவே பிள்ளைகளின் கணக்குக்கு அந்த உரிமை இருக்கிறதா என்றும் பார்த்துக் கொடுக்க வேண்டும். தனியார் கடைகளில் வாங்கும் வாசகர்கள், பணம் கட்டும் முன் அங்கேயே செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவர்களே செய்து கொடுப்பார்கள்.

மன்னார்குடி பக்கம் இருக்கும் மாணவர்கள் நல்ல பென் டிரைவ் ஒன்றோடு என் கடைக்கு வந்தால் நானே பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வைக்கிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை. சார்ஜரை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி.

பி.கு.: செய்து முடித்த அன்றே ஒரு தடவை அந்த டிரைவில் துவக்கிப் பாருங்கள். டிரைவிலிருந்து மீட்டெடு என்பது திரையில் தெரிந்தால் முழுசாக வந்திருக்கிறது, எதையும் அழுத்தாமல் அணைத்துவிடலாம். டிக் போட மறந்திருந்தால் அது தெரியாது, திரும்பச் செய்ய வேண்டியதுதான். பென் டிரைவில் லேப்டாப் மாடலையும் தேதியையும் எழுதி ஒட்டி, வருடத்துக்கு ஒரு முறை புதிதாகச் செய்துவிடுங்கள், மைக்ரோசாஃப்டே அப்படித்தான் சொல்கிறது. எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் என்று வைத்திருக்கிறோம்.